குமிழ் அனிமோனுக்கு வேவ்மேக்கரை எவ்வளவில விடுறது?

கொக்குவில்_தொட்டி:
வணக்கம். என்ர கடல்தொட்டி நாலடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி. இரண்டு பக்கக் கண்ணாடியிலயும் மணித்தியாலத்துக்கு 4000 லீற்றர் தள்ளுற வேவ்மேக்கர் (தண்ணிக்குள்ள ஓட்டம் உண்டாக்கிற மோட்டர்) ஒவ்வொண்டு. போன கிழமை கொழும்பில இருந்து பஸ்ஸில பச்சைக் குமிழ் அனிமோன் (கல்லில ஒட்டி வாழுற, பூ மாதிரிக் கடல் உயிரி) ஒண்டு எடுப்பிச்சனான். நடுக்கல்லில வைச்சன். விடியப் பார்த்தா கல்லுக்குப் பின்னால சுருங்கிக் கிடக்குது. பூவிதழ் மாதிரி நீட்டுற கையெல்லாம் ஒரே பக்கமாச் சரிஞ்சிருக்குது. கடைக்காரர் மணித்தியாலத்துக்குத் தொட்டித் தண்ணியின்ர 20 மடங்கு ஓட்டம் வேணும் எண்டவர். கூட்டவோ, குறைக்கவோ?

வல்வை_அலை:
தம்பி, உந்த மடங்குக் கணக்கைக் கொஞ்சம் விடும். உம்மட தொட்டி 250 லீற்றர் சொச்சம். இரண்டு மோட்டரும் முழுக்க ஓடினா 30 மடங்குக்கு மேல, உது பவளத் தொட்டிக்கு அதிசயமில்லை. கேள்வி, அந்த ஓட்டம் அனிமோனில எப்பிடிப் படுகுது எண்டதுதான். நடுக்கல்லு இரண்டு மோட்டருக்கும் நேர. அங்க அடி வாங்கித்தான் அது பின்னால போனது.

மோட்டர் வாயை முன்கண்ணாடிப் பக்கம், கொஞ்சம் மேல பார்க்கத் திருப்பும். தண்ணி கண்ணாடியில பட்டு உடைஞ்சு வரட்டும். வேகத்தை 40 வீதத்தில வைச்சு, விட்டு விட்டு ஓடுற முறையில போடும். கைகள் அங்கால இங்கால ஆடவேணும். ஒரே பக்கம் படுத்துக் கிடந்தா கூடிப்போச்சு. ஆட்டமே இல்லாமல் சளியும் ஊத்தையும் மேல தங்கினா காணாது.

கல்லில இருந்து கிள்ளி எடுத்துத் திருப்பி வைக்க வேண்டாம், ஒட்டிப் பிடிக்கிற கால் கிழிஞ்சா பிழைக்கிறது கஷ்டம். குமிழ் அனிமோன் வெடிப்புக்குள்ள கால் விட்டுத்தான் இருக்கும், தனக்குப் பிடிச்ச இடத்தைத் தானே தேடும். கை நுனியில குமிழ் இல்லை எண்டு பதறவும் வேண்டாம். நல்ல சுகமான அனிமோனும் நீட்டுக் கையோட நிக்கும். வாய் பிளந்து, உள்ளது வெளியில வந்து, மணந்தா மட்டும் உடன வெளியில எடும். செத்தது கரைஞ்சா தொட்டி முழுக்கப் போயிடும்.

மானிப்பாய்_மணல்:
எல்லா அனிமோனுக்கும் உந்தக் கணக்கு இல்லை எண்டதையும் சொல்லவேணும். நான் வைச்சிருக்கிறது ஹடோனி, கம்பள அனிமோன். மணலுக்குள்ள கால் புதைச்சு இருக்கிற சாதி. ஓட்டம் கீழ அடிச்சு மணலைக் கிளப்பினா கால் வெளியில வந்து நடக்கத் தொடங்கிடும். மக்னிபிகா எண்ட அனிமோன் சாதி நேர் எதிர், கல்லின்ர உச்சியில ஏறி நல்ல ஓட்டத்தில நிக்கும். வாங்கேக்க சாதியைக் கேட்டு வாங்குங்கோ.

வல்வை_அலை:
சரியாச் சொன்னீர். தம்பி, இன்னொண்டு, இதுதான் முக்கியம். எங்கட ஊரில கறண்ட் எப்ப நிக்கும் எண்டு ஆருக்குத் தெரியும்? 2022இல 13 மணித்தியாலம் நிண்ட நாளும் இருக்கு. மோட்டர் நிண்டவுடன தண்ணி அசையாது, இடம் பிடிபடாத அனிமோன் நடந்து போய் அந்த மோட்டர் வலையிலயே ஏறி ஒட்டும். கறண்ட் வரேக்க மோட்டர் ஒரேயடியாச் சுத்தும். பிறகு அரைச்ச சம்பல்தான் மிச்சம். அதனால முதல் வேலை, இரண்டு மோட்டரின்ர உறிஞ்சிற பக்கத்துக்கும் ஸ்பொஞ்ச் உறை. இரண்டாவது, கறண்ட் வந்தா மெல்ல மெல்ல வேகம் கூடுற மாதிரிக் கொன்ட்ரோலரில வசதி இருந்தா அதைப் போடும். கறண்ட் இல்லாத நேரத்துக்குப் பற்றறி எயார்பம் ஒண்டு கையில இருக்கட்டும், மீனுக்கும் அதுதான் மூச்சு.

கொக்குவில்_தொட்டி:
நன்றி அண்ணை. பின்னேரமே வாயைத் திருப்பிட்டன். ஸ்பொஞ்ச் போட்டா ஓட்டம் குறையாதோ? றால் துண்டு குடுக்கலாமோ?

வல்வை_அலை:
குறையும்தான், அதுக்கேற்ப வேகத்தை ஒரு படி கூட்டும். கிழமைக்கு இரண்டு தரம் ஸ்பொஞ்சைக் கழட்டித் தொட்டியில இருந்து எடுத்த உப்புத் தண்ணியிலயே கழுவும், கிணத்துத் தண்ணி வேண்டாம். எங்கட கிணறுகளில நைத்திரேற்று கூட. றால் இப்ப வேண்டாம். கால் ஒட்டி, வாய் இறுகின பிறகு, நகத்தளவு துண்டு போதும். குடுக்கேக்க மோட்டரை ஒரு பத்து நிமிசம் நிப்பாட்டும், இல்லாட்டி கோமாளி மீன்தான் சாப்பிடும்.