அறிவுரை சொல்லாத ஆலோசகர்: உங்கள் அனுபவம் என்ன?

நடுவயதுக்காரன்:

நாற்பதைத் தாண்டியவர்களில் பாதிப் பேர் ஆலோசகரின் எதிரில் தீர்ப்பை எதிர்பார்த்துத்தான் உட்காருகிறோம். நானும் அப்படித்தான் போனேன். நடந்தது வேறு என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன். உங்களுக்கு அமைந்த ஆலோசகர் என்ன செய்தார்? நல்லதோ கெட்டதோ, அவர் செய்த குறிப்பான ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். ‘அருமையான மனிதர்’ என்ற நற்சான்றிதழால் படிப்பவருக்கு ஒரு பயனும் இல்லை.

என் கதை: அலுவலகத்தில் என்னைவிட வயதில் மிக இளையவர் மேலாளராக வந்தார். அங்கே வாயை மூடிக்கொண்டு, வீட்டில் ஒரு கரண்டி கீழே விழுந்தால்கூடக் கத்திக்கொண்டிருந்தேன். மனைவியே ஆலோசகரிடம் நேரம் வாங்கி என்னை அனுப்பினார்.

ஆலோசகர் முதலில் பேசியது ரகசியத்தைப் பற்றி. அதிலும் அதன் எல்லைகளைத்தான் அழுத்திச் சொன்னார். என் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால், ஒரு குழந்தை துன்புறுத்தப்படுவது தெரியவந்தால், நீதிமன்றம் உத்தரவிட்டால் அவர் வெளியே சொல்ல வேண்டியிருக்கும். மற்றபடி நான் எழுத்தில் சம்மதம் தராமல், என் மனைவியே கேட்டாலும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

அடுத்த கேள்வி: “இங்கே வருவது யாருடைய யோசனை?” மனைவியுடையது என்றேன். “அவர் கவனித்ததாகச் சொல்பவற்றில் எதை நீங்களும் கவனித்திருக்கிறீர்கள்?” என்றார். சண்டைக்குத் தயாராகப் போனவனுக்கு எதிராளி இல்லாமல் போய்விட்டது.

பிறகு, கோபத்தைக் குறைப்பது எனக்கு எவ்வளவு முக்கியம் என்று 0 முதல் 10 வரை ஓர் எண் கேட்டார். வேண்டா வெறுப்பாக 4 என்றேன். ஏன் இவ்வளவு குறைவு என்பார் என்று காத்திருந்தேன். “ஏன் 1 என்று சொல்லவில்லை?” என்றார். அதற்குப் பதில் தேடப்போய், நான் வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் தன் அறைக்குப் போய்விடுவதை என் வாயாலேயே சொன்னேன். மனைவி இதையே பலமுறை சொன்னபோது மறுத்தவன் நான்.

இதற்கு ஊக்கமூட்டும் உரையாடல் என்று பெயர் என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மதுப்பழக்கத்தால் அவதிப்படுவோருடன் பணியாற்றிய வில்லியம் மில்லர் 1983இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த முறை அது. ‘மாறு’ என்று அழுத்தினால், மாறாமல் இருப்பதற்கான காரணங்களைத்தான் மனிதர் அடுக்குவார். அதனால் மாறுவதற்கான காரணத்தை அவரையே பேசவைக்கிறார்கள். வளர்ந்த மனிதர்களைக் கையாள இதைவிடப் புத்திசாலித்தனமான வழி எனக்குத் தெரியவில்லை. மனிதவளத் துறையினர் இதைக் கற்றுக்கொண்டால் நாட்டுக்கு நல்லது.

இரவுப்பணி:

நான் செவிலியர். பிறருக்குத் தைரியம் சொல்வதே தொழில். அம்மாவின் மறதிநோய் முற்றி, வேலையும் வீடுமாக ஓடியதில் ஒரு கட்டத்தில் பல் துலக்குவதற்குக்கூட என்னை நானே கெஞ்ச வேண்டியிருந்தது.

என் ஆலோசகர் ஒவ்வொரு அமர்வுக்கு முன்னும் மனச்சோர்வின் அளவைப் பார்க்கும், ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.கியூ-9 படிவத்தைத் தருவார். கடந்த இரண்டு வாரங்களில் ஆர்வமின்மை, தூக்கம், சோர்வு, பசி எல்லாம் எப்படி இருந்தன என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை குறிக்க வேண்டும், மொத்தம் 27. மருத்துவமனையில் நானே பலரிடம் நீட்டிய தாள்தான். அங்கே அது கோப்பில் போய் விழும். இவர் அதை மேசைமீது வைத்து, “போன முறையைவிட இந்தக் கேள்வியில் எண் ஏறியிருக்கிறது. இந்த வாரம் என்ன நடந்தது?” என்று என்னோடு சேர்ந்து படிப்பார்.

ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பைப் பற்றியது. ஒருமுறை அதில் 1 குறித்திருந்தேன். அவர் குரலையும் தாழ்த்தவில்லை, பார்வையையும் திருப்பவில்லை. “தற்கொலை பற்றி யோசிக்கிறீர்களா? எப்படி என்று யோசித்ததுண்டா? வீட்டில் அதற்கான பொருள் ஏதாவது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா?” என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று வீட்டார் பயப்படுவார்கள். அப்படி நடப்பதில்லை என்று எனக்குப் பாடத்திலேயே தெரியும். ஆனாலும் என்னிடம் ஒருவர் கேட்டபோதுதான் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று தெரிந்தது. அன்றே இருவரும் ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதினோம்: நிலைமை மோசமாகிறது என்பதற்கு எனக்கே தெரியும் அறிகுறிகள், தனியாக இருந்தால் முதலில் செய்யக்கூடியவை, யாரை அழைப்பது, எந்த அவசர எண், அம்மாவின் மாத்திரைகளை எங்கே பூட்டி வைப்பது. எல்லாம் என் கையெழுத்தில், என் வார்த்தைகளில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தினமும் பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும் என்று வீட்டுப்பாடம் தந்திருந்தார். நான் ஒருநாள்கூட நடக்கவில்லை. “ஏன் செய்யவில்லை?” என்ற கேள்வியைப் பள்ளிப் பருவம் முதல் கேட்டு வளர்ந்தவள் என்பதால் தலையைக் குனிந்துகொண்டேன். அவரோ, “நான் பெரிதாகக் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது. செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போவது முடியுமா?” என்றார். முடிந்தது. மனநிலை சரியானதும் செயல்படலாம் என்று காத்திருக்காமல், செயலைச் சிறிதாக்கித் தொடங்கினால் மனநிலை பின்னால் வரும் என்பது இந்தச் சிகிச்சையின் கணக்கு.

இரண்டாம் கருத்து:

எல்லோரும் புகழ்வதால் கசப்பையும் ஒருவர் சொல்ல வேண்டும். விவாகரத்துக்குப் பின் நான் முதலில் போன ஆலோசகர், என் கதையை விடத் தன் கதையை அதிகம் சொன்னார். அவரும் பிரிந்தவராம், ஒரே வருடத்தில் மீண்டுவிட்டாராம். “நீங்கள் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கலாமே” என்றும் சொன்னார். இதைச் சொல்ல என் சித்தி போதும், அவர் கட்டணமும் வாங்குவதில்லை. ஆலோசகர் தன் வாழ்க்கையைப் பற்றி ஒரு வரி சொல்வது தவறில்லை. அது யாருக்கு உதவுவதற்காக என்பதுதான் கேள்வி.

இரண்டாமவரும் ஒரு நாள் என்னைக் காயப்படுத்தினார். “அவரை மன்னிக்க உங்களுக்கு இன்னும் மனம் வரவில்லை” என்று சாதாரணமாகச் சொன்னார். வீட்டுக்குப் போய், இனி வருவதில்லை என்று மின்னஞ்சல் எழுதினேன். அதை அனுப்பாமல் அடுத்த அமர்வில் நேரிலேயே சொன்னேன். அவர் “நான் சொன்னதன் அர்த்தம்…” என்று தொடங்கவே இல்லை. “மன்னிப்பதுதான் உங்கள் இலக்கு என்று நானாக முடிவு செய்துவிட்டேன். அது உங்கள் இலக்கு இல்லையே” என்றார். அந்த மணி நேரம் முழுவதும் என் இலக்கு என்ன என்பதைத்தான் பேசினோம். அடுத்தவர் ஒரு தவறை ஏற்றுக்கொண்டு உறவு முறியாமல் தொடர்வதை என் திருமண வாழ்வில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. வேறு எந்தப் பயிற்சியையும்விட அதுதான் எனக்குச் சிகிச்சையாக இருந்தது.

நாற்காலியின் மறுபக்கம்:

நான் ஆலோசகராகப் பணிபுரிகிறேன். என்னிடம் வருபவர்களைப் பற்றி எதுவும் எழுத மாட்டேன். எங்கள் பக்கத்துக் காரணங்களை மட்டும் சொல்கிறேன்.

மேலே சகோதரி சொன்ன நிகழ்ச்சி எங்கள் துறையில் நன்கு அறிந்த ஒன்று. உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979இல் சிகிச்சை உறவை மூன்றாகப் பிரித்தார்: இலக்கில் உடன்பாடு, அதற்கான வேலைகளில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. பிணைப்பு நன்றாக இருந்தும் இலக்கில் ஆளுக்கொரு திசையில் போனால் விரிசல் வரும். அதை வந்தவர் வாயால் கேட்பது எங்களுக்குச் சங்கடம்தான், ஆனால் சொல்லாமல் நின்றுவிடுபவர்களிடம் சரிசெய்ய வாய்ப்பே கிடைப்பதில்லை.

அதற்கும் முன்னால் உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். 1957இல் அவர் எழுதிய கட்டுரையில், மனிதரிடம் மாற்றம் நிகழ ஆறு நிபந்தனைகளைச் சொன்னார். அவற்றில் ஆலோசகர் கொண்டுவர வேண்டியவை மூன்று: போலியின்மை, நிபந்தனையற்ற மதிப்பு, எதிரில் இருப்பவரின் உள்ளுலகத்தை அவர் கோணத்திலிருந்தே புரிந்துகொள்ளுதல். நோயறிதலும் அறிவுரையும் அந்தப் பட்டியலில் இல்லை. அந்த ஆறே போதும் என்று அவர் சொன்னதை இன்று எல்லோரும் ஏற்பதில்லை, நானும் ஏற்கவில்லை.

அதனால் இந்த இழையின் தலைப்போடு எனக்குச் சிறு தகராறு உண்டு. சில இடங்களில் நாங்கள் நேரடியாகவே சொல்லிக்கொடுப்போம். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றுவதன் வழியே உதவும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத் தூக்கமின்மைக்குத் தரும்போது விதிகள் கறாரானவை: படுக்கையில் தூக்கம், தாம்பத்திய உறவு தவிர மற்ற வேலைகள் கூடாது, சுமார் இருபது நிமிடத்தில் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து வேறு அறைக்குப் போக வேண்டும், எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். பீதித் தாக்குதலோடு வருபவரிடம், இதயம் படபடப்பது உடலின் அபாய மணி தவறாக அடிப்பதால்தான் என்று விளக்காமல் “நீங்கள் என்ன உணர்கிறீர்கள்?” என்றே கேட்டுக்கொண்டிருந்தால் அது கொடுமை. ஆனால் அந்த விளக்கத்துக்கு முன்பே உடல் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். தைராய்டு சுரப்பி அதிகம் வேலை செய்தாலும் படபடப்பு வரும். எங்களில் மருத்துவப் பட்டம் இல்லாதவர்கள் மருந்து எழுதக் கூடாது. தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவதும் எங்கள் வேலைதான்.

சொல்லிக்கொடுப்பதற்கு முன், “இதைப் பற்றி உங்களுக்கு ஏற்கனவே என்ன தெரியும்? எனக்குத் தெரிந்ததைச் சொல்லட்டுமா?” என்று கேட்பேன். சொன்ன பிறகு, “இது உங்களுக்குப் பொருந்துகிறதா?” என்பேன். “பொருந்தவில்லை” என்று ஒருவர் துணிந்து சொல்லும் நாளில் எங்கள் வேலை நன்றாக நடக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்.

ஓய்வுபெற்றவர்:

மனைவி இறந்தபின் பிள்ளைகள் அனுப்பிப் போனேன். அந்தத் தம்பி பேசவே மாட்டார். நான் நிறுத்தினால் அவரும் நிறுத்திவிடுவார். இதற்கா பணம் என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. வீட்டில் யாராவது உடனே “அப்பா, சாப்பிடுங்கள்” என்று பேச்சை மாற்றிவிடுவார்கள், இவர் மாற்றவில்லை. எனக்குப் பயன்பட்டதா என்று கேட்டால், பாதி பயன்பட்டது. மீதிப் பாதிக்கு அவர் இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

நாற்காலியின் மறுபக்கம்:

ஐயா, அதை அவரிடமே சொல்லுங்கள். நிச்சயம் கோபித்துக்கொள்ள மாட்டார்.

புதியவள்:

அடுத்த வாரம் முதல் முறையாகப் போகிறேன். என்ன கேட்க வேண்டும் என்றே தெரியவில்லை. எப்போது நிறுத்துவது என்பதை யார் முடிவு செய்வார்கள்? போகத் தொடங்கினால் வாழ்நாள் முழுவதும் போக வேண்டியிருக்கும் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

நடுவயதுக்காரன்:

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். எப்போது முடிப்பது என்ற பேச்சை ஆலோசகர் முதல் மாதத்திலேயே எடுத்தார். “எது நடந்தால் இனி வரத் தேவையில்லை என்று நினைப்பீர்கள்?” என்றார். மகள் கூடத்தில் உட்கார்ந்தபடியே இருந்தால் போதும் என்றேன். அதைக் குறித்துக்கொண்டார். பிற்பாடு வாரம் ஒருமுறை என்பது பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆனது, பிறகு மாதம் ஒருமுறை. கடைசி அமர்வில், பழைய நிலை திரும்பினால் எனக்கு முதலில் தெரியும் அடையாளம் எது என்று கேட்டு எழுதவைத்தார். வேண்டும்போது ஒருமுறை மட்டும் வந்து போகலாம் என்றும் சொன்னார். ஒருமுறை போயும் வந்தேன்.

முதல் நாளில் இவற்றைக் கேளுங்கள்: என்ன படித்தார், எங்கே பயிற்சி பெற்றார், உங்களைப் போன்ற சிக்கலோடு வந்தவர்களுடன் பணியாற்றியிருக்கிறாரா, எந்த முறையைப் பின்பற்றுகிறார், அமர்வை ரத்து செய்தால் கட்டணம் உண்டா, குறிப்புகளை எங்கே வைக்கிறார், பயன் தருகிறதா என்பதை இருவரும் எப்போது உட்கார்ந்து பார்ப்பீர்கள். இந்தக் கேள்விகளுக்கே முகம் சுளிப்பவராக இருந்தால், இரண்டாவது நேரம் வாங்காமல் வேறொருவரைத் தேடுங்கள்.