மைக்ரோசாப்ட் சூன்: தோற்க வேண்டிய பெட்டிதானா?

நாடாப்பெட்டி:
ஜூன் என்று எழுதினால் மாதம் என்று நினைத்துவிடுவீர்கள், அதனால் சூன். மைக்ரோசாப்ட் 2006 நவம்பரில் கொண்டுவந்து 2011 அக்டோபரில் கைகழுவிய பாட்டுப் பெட்டி. ‘ஆப்பிளின் ஐபாடைப் பார்த்து அடித்த காப்பி’ என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. முதல் சூனில் 30 ஜிபி வன்தட்டு, 3 அங்குலத் திரை, எஃப்எம் ரேடியோ, வைஃபை. அன்றைய ஐபாடில் திரை 2.5 அங்குலம், வைஃபை இல்லை, ரேடியோவுக்குத் தனியாக ஒரு துணைக்கருவி வாங்க வேண்டும். இதில் எது காப்பி?

சுருதிபேதம்:
ஐபாடின் காப்பி இல்லைதான். தோஷிபாவின் கிகாபீட் எஸ் என்ற பாட்டுப் பெட்டிக்குச் சட்டை மாற்றிவிட்டது! அந்த வைஃபையின் லட்சணத்தையும் சொல்லுங்களேன். பக்கத்தில் சூன் வைத்திருப்பவருக்குப் பாட்டு அனுப்பலாம். அவர் அதை மூன்று தடவை கேட்கலாம், இல்லையென்றால் மூன்று நாள். அப்புறம் பூட்டு. நீங்களே பாடிப் பதிவு செய்த பாட்டுக்கும் இதே கதி. இன்னொரு கூத்து: ‘பிளேஸ் ஃபார் ஷ்யூர்’ என்று மைக்ரோசாப்டே முன்னின்று நடத்திய, காப்பி எடுக்கவிடாத பூட்டு முறையில் வாங்கிய பாட்டுகள் மைக்ரோசாப்டின் சூனில் ஓடாது.

நாடாப்பெட்டி:
பூட்டு விஷயத்தில் நான் வாதாட வரவில்லை, அது அசட்டுத்தனம். ஆனால் மூன்று நாள் கெடுவை 2007-இலேயே எடுத்துவிட்டார்கள். வைஃபை வழியாகவே கணினியிலிருந்து பாட்டு ஏற்றும் வசதியும் அப்போது வந்தது. பழைய பெட்டி வைத்திருந்தவர்களுக்கும் அதெல்லாம் இலவசமாகவே கிடைத்தது.

நிரலி:
குறுக்கே வருகிறேன். 2008 டிசம்பர் 31 அன்று 30 ஜிபி சூன்கள் எல்லாம் ஒரே நாளில் உறைந்துபோனது நினைவிருக்கிறதா? நாட்களை எண்ணி வருடத்தைக் கணக்கிடும் நிரலைப் படித்தால் சிரிப்பு வரும். நாள் எண் 365-ஐத் தாண்டியிருக்கும்வரை சுற்று; லீப் வருடமென்றால், 366-ஐத் தாண்டியிருந்தால் மட்டும் ஒரு வருட நாட்களைக் கழி. 2008 லீப் வருடம், முந்தைய வருடங்களைக் கழித்தபின் அன்றைய எண் சரியாக 366. 365-ஐத் தாண்டிவிட்டது, அதனால் சுற்றிலிருந்து வெளியே வர முடியாது. 366-ஐத் தாண்டவில்லை, அதனால் கழிக்கவும் முடியாது. பெட்டி அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. பேட்டரி தீரும்வரை விட்டு, ஜனவரி 1 வந்தபின் சார்ஜ் போட்டால் சரியாகும் என்பதுதான் வைத்தியம்.

சுருதிபேதம்:
போதுமா நாடாப்பெட்டி?

நிரலி:
அவசரப்படாதீர்கள், அது மைக்ரோசாப்ட் எழுதிய நிரல் இல்லை. கடிகாரச் சில்லைச் செய்த ஃப்ரீஸ்கேல் கொடுத்தது. சோதிக்காமல் வாங்கிப் போட்டார்கள் என்று வேண்டுமானால் திட்டலாம்.

சுருதிபேதம்:
சரி, 2009-இன் சூன் எச்டிக்கு வருவோம். ஓஎல்இடி திரையும் என்விடியாவின் டெக்ரா சில்லும் அருமை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐபாட் டச் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதில் செயலிகள் குவிந்து கிடந்தன, இதில் விரல்விட்டு எண்ணலாம். அமெரிக்காவையும் கனடாவையும் தாண்டிப் பெட்டியை விற்கவுமில்லை. பிறகு எப்படி விளங்கும்?

நாடாப்பெட்டி:
கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் மாதம் 14.99 டாலருக்கு வேண்டிய பாட்டை எல்லாம் கேள், அதில் பத்தை நிரந்தரமாக வைத்துக்கொள் என்று 2008-இலேயே சொன்னது சூன் பாஸ் என்ற சந்தா. அப்போது ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடையில் ஒவ்வொரு பாட்டாக விலைக்குத்தான் வாங்கவேண்டும்.

சுருதிபேதம்:
அந்தச் சேவையைத்தான் 2015 நவம்பரில் இழுத்து மூடிவிட்டார்களே.

நாடாப்பெட்டி:
மூடியது வாடகைக் கடையை. வைத்துக்கொண்டவற்றில் எம்பி3 ஆக வந்தவை இன்றும் எந்தப் பெட்டியில் போட்டாலும் பாடும், உங்கள் ஐபாடிலும்கூட.