சூப்பர் மார்க்கெட் ஓவியம்: லேபிளில் எழுத்து வேண்டுமா, வேண்டாமா?

ஈரத்துணி:
சூப்பர் மார்க்கெட் காட்சி வரைகிறவர்கள் அலமாரியில் இருக்கும் டப்பா ஒவ்வொன்றிலும் பெயரை எழுதிவிடுகிறார்கள். படம் அங்கேயே செத்துப்போகிறது. எழுத்து கண்ணில் பட்டால் யாரும் முதலில் அதைப் படிக்கத்தான் பார்ப்பார்கள். டிராலி மேல் சாய்ந்து நிற்கிற பெண்ணின் களைத்த தோளைக் காட்டத்தானே இத்தனை பாடு? அவள் முதுகுக்குப் பின்னால் நாற்பது விளம்பரப் பலகை எதற்கு?

கணக்குப் போட்டே பாருங்கள். 60 செ.மீ. உயரக் கேன்வாஸில் 160 செ.மீ. ஆளை 32 செ.மீ.க்கு வரைந்தால், ஐந்தில் ஒரு பங்கு. அவர் பக்கத்தில் இருக்கிற 11 செ.மீ. டின் 2 செ.மீ.யைச் சற்றே தாண்டும். அதில் 2 செ.மீ. எழுத்து இருந்தால் 4 மி.மீ. ஆகும். இரண்டு மடங்கு தூரத்தில் இருக்கிற டின்னில் அதுவே 2 மி.மீ. அந்தத் தூரத்தில் நிற்கிற ஆளுக்குக் கண் இமையே வரைய மாட்டீர்கள், எழுத்தை மட்டும் எழுதுவீர்களா?

கரிக்கோல்:
கணக்கு சரி, முடிவு தப்பு. எழுத்தை மொத்தமாக அழித்துவிட்டால் அது கடையா நூலகமா என்றே தெரியாது. புத்தக முதுகும் பிஸ்கட் பாக்கெட்டும் தூரத்தில் ஒரே வண்ணக் கட்டம்தான்.

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால் 1962இல் வரைந்த சூப் டின்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 32 கேன்வாஸ், ஒவ்வொன்றும் 20×16 அங்குலம். அனேகமாக எல்லாவற்றிலும் மாறுவது சூப் வகையின் பெயர் மட்டுமே. எழுத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரே படத்தின் 32 பிரதி.

ஈரத்துணி:
அங்கே டின்தான் கதாநாயகன், ஆள் கிடையாது. அது முகச்சித்திரம் மாதிரி. நாம் பேசுவது ஆள் நடமாடுகிற காட்சியைப் பற்றி. எல்லாம் கூர்மையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆந்திரேயாஸ் குர்ஸ்கி 1999இல் ஒரு கடைக்குள் எடுத்த '99 சென்ட்' புகைப்படத்தைப் பாருங்கள். சரக்குக் கடலுக்கு நடுவே தலைகள் புள்ளி புள்ளியாக மிதக்கின்றன. அவருக்கு வேண்டியதே அதுதான். டிராலிப் பெண்ணை வரைகிறவருக்கு அது வேண்டியதில்லையே.

மறைபுள்ளி:
இரண்டு பேரும் எழுத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். எழுத்து கெட்டுப்போவது அளவால் அல்ல, வளைவால்.

கண்மட்டத்தில் இருக்கிற அலமாரித் தட்டு படுக்கைக் கோடாகத்தான் தெரியும். அதன் மேல் நிற்கிற டின்னின் அடிவட்டமும் நேர்கோடு. கீழே போகப் போக அந்த வட்டம் அகலமாகத் திறக்கும். கடைசித் தட்டில் நல்ல நீள்வட்டம். லேபிள் எழுத்தும் அதே வளைவில் ஓட வேண்டும். நிறைய பேர் டின்னைச் சரியாக வளைத்துவிட்டு எழுத்தை அளவுகோல் வைத்ததுபோல நேராக எழுதுகிறார்கள். உடனே டின் அட்டையாகத் தட்டையாகிவிடும். பிறகு எத்தனை நிழல் போட்டாலும் உருண்டை திரும்பாது.

இன்னொன்று, செல்போனின் சாதாரண லென்ஸ் அகலக் கோணம். படத்தின் ஓரத்தில் இருக்கிற டிராலியையும் டின்னையும் பக்கவாட்டில் இழுத்துவிடும். நாலு எட்டு பின்னால் போய், 2 மடங்கு ஜூமில் எடுத்த படத்தைப் பார்த்து வரையுங்கள்.

செம்மண்:
எழுத்தை விடுங்கள், பாக்கெட் நிறம் யாருக்கு வருகிறது? ஆரஞ்சை இன்னும் பளிச்சென்று ஆக்க வெள்ளையைக் கொட்டினால் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெளுத்துவிடுகிறது.

கரிக்கோல்:
@செம்மண், வெள்ளையை நிறுத்துங்கள். காட்மியம் ஆரஞ்சைச் சுத்தமாக வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பதையெல்லாம் சாம்பலுக்கு இறக்குங்கள். தானாக எரியும். ஃபுளோரசன்ட் வண்ணம் பக்கம் போகவே போகாதீர்கள், வெளிச்சம் பட்டுப் பட்டு மங்கிவிடும். அக்ரிலிக் என்றால் காய்ந்த பிறகு ஒரு படி கறுக்கும். அதற்கு இடம் வைத்துக் கலக்கவும்.

எழுத்து விஷயத்துக்கு வருகிறேன். முழுச் சொல் எழுதச் சொல்லவில்லை. ஆளுக்கு எதிர்ப்பக்கம், மிக அருகில் இருக்கிற மூன்று நான்கு பொருளில் மட்டும் பாதி எழுத்து. மீதிப் பாதி பிளாஸ்டிக் உறையின் பளபளப்பில் மறையட்டும். அந்தப் பளபளப்பும் வெறும் வெள்ளைப் பொட்டு அல்ல. கூரையில் இருக்கிற நீள விளக்கின் வடிவம், மடிப்பில் உடைந்து உடைந்து போகும். ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. அடுத்த வரிசையில் எழுத்து வெறும் கோடு. அதற்கும் பின்னால் லேபிளின் நிறம் மட்டும்.

ஈரத்துணி:
பாதி எழுத்து இன்னும் மோசம். மீதி என்னவென்று மூளை தேட ஆரம்பித்துவிடும். இத்தாலிய ஓவியர் ரெனாட்டோ குட்டூஸோ 1974இல் அந்நாட்டுப் பலெர்மோ நகரின் சந்தையை வரைந்தார், படத்தின் பெயர் 'வுச்சிரியா'. 3 மீட்டர் சதுரம். மீன், இறைச்சி, காய், பழம் எல்லாம் நெருக்கியடித்து நிற்கின்றன. நடுவே ஒடுங்கின வழியில் ஆட்கள். சந்தை என்று புரிய ஒரு லேபிள் தேவைப்பட்டதா?

மறைபுள்ளி:
மீனுக்குத் தன் உருவமே அடையாளம், ஐயா. சூப்பர் மார்க்கெட்டில் மீனும் பெட்டிக்குள், சோப்பும் பெட்டிக்குள். அந்த ஒப்பீடு நிற்காது.

ஈரத்துணி:
சரி, அது நியாயம். ஆனாலும் கடை என்று காட்டத் தரை போதும். கூரை முழுக்க விளக்கு, ஆகவே ஒரே பக்கமாக விழுகிற நிழல் கிடையாது. பாதத்துக்கும் டிராலிச் சக்கரத்துக்கும் அடியில் மெல்லிய கருமை, அவ்வளவுதான். படத்திலேயே அதிக இருட்டு கடைசித் தட்டுக்கு அடியில் இருக்கிற சந்து. அலமாரியின் பிரதிபலிப்பை அதற்கு நேர்கீழே, நிறம் மங்கலாக, ஈரம் காயுமுன் மேலிருந்து கீழாக இழுத்து, குறுக்கே ஒரு தரம் காய்ந்த பிரஷ்ஷால் லேசாகத் தொட்டால் பாலிஷ் தரை வந்துவிடும்.

கரிக்கோல்:
பாலிஷ் தரை மருத்துவமனையிலும் உண்டு. தட்டு விளிம்பில் இருக்கிற விலைச்சீட்டு வரிசையை ஏன் யாரும் பேசவில்லை?

ஈரத்துணி:
விலைச்சீட்டுக்கு நான் சம்மதம், அதில் எண் வேண்டாம். ஆனால் ஒரே இடைவெளியில் ஒட்டாதீர்கள். தூரத்தில் கோடுகள் ஒன்றுசேர்கிற மறைபுள்ளியை நோக்கிச் சீட்டும் சுருங்க வேண்டும், இடைவெளியும் சுருங்க வேண்டும். சுத்த வெள்ளையும் கூடாது. சாம்பல் கலந்த வெள்ளை. சுத்த வெள்ளை கூரை விளக்குக்கு வேண்டும்.

கரிக்கோல்:
முதல் சீட்டில் மட்டும் ஒரு எண் வைப்பேன்.

ஈரத்துணி:
வையுங்கள், எல்லோரும் அதைத்தான் படிக்கப் போகிறார்கள்.