இடுப்பு பெல்ட் வயிற்றுக்கு ஏறிவிடுகிறது, தோள் கடுக்கிறது: பையை மாற்ற வேண்டுமா?

டபரா செட்:
தை பிறந்ததும் கல்லணையிலிருந்து பூம்புகார் வரை காவிரிக் கரையோரமாக நடக்கலாம் என்று நண்பர்கள் மூவரும் முடிவு செய்திருக்கிறோம். ஆறு நாள் கணக்கு. முன்பு ஒருமுறை வேளாங்கண்ணிக்கு காலேஜ் பையை மாட்டிக்கொண்டு நடந்து, தோளில் தோல் உரிந்து சட்டை போட முடியாமல் கிடந்தேன். அதனால் இந்தத் தடவை காசு பார்க்காமல் இடுப்பு பெல்ட் வைத்த 60 லிட்டர் பை வாங்கினேன். கடையில் காலியாக மாட்டிப் பார்த்தபோது சொகுசாகத்தான் இருந்தது.

ஞாயிறு அன்று 11 கிலோ ஏற்றி கும்பகோணத்திலிருந்து சுவாமிமலைக்கு நடந்தேன். பாதி வழியிலேயே தோள் கடுத்தது, இடது சுண்டுவிரல் மரத்துப்போனது. கோயில் படி அறுபதும் ஏறி முடிப்பதற்குள் பெல்ட் தொப்புளுக்கு வந்துவிட்டது. இறுக்கினால் மூச்சு முட்டுகிறது, தளர்த்தினால் பாரம் தோளுக்குப் போகிறது. உயரம் 5 அடி 11, எடை 68 கிலோ. கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டாராம்.

நடராஜா சர்வீஸ்:
தம்பி, முதலில் முதுகை அளந்து பாருங்கள். தலையைக் குனிந்தால் பிடரிக்குக் கீழே ஓர் எலும்பு துருத்தும். அதிலிருந்து, இடுப்பில் கை ஊன்றினால் இரண்டு கட்டைவிரலும் சந்திக்கும் இடம் வரை தையல் டேப்பால் அளக்க வேண்டும். ஆள் உயரத்தை வைத்துப் பை வாங்கக் கூடாது, இந்த அளவுதான் முக்கியம். பெல்ட் வயிற்றுக்கு ஏறுகிறது என்றால் பையின் முதுகு உங்களுக்குக் குட்டை. பையின் தோள் வார் தைத்திருக்கும் இடத்துக்குப் பின்னால் கையை விட்டுப் பாருங்கள், நகர்த்துகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?

டபரா செட்:
அம்மா அளந்து சொன்னார், 52 செ.மீ. உள்ளே வெல்க்ரோ இருக்கிறது அண்ணே! எஸ், எம், எல் என்று குறி போட்டு, எஸ்-ல் ஒட்டியிருக்கிறது. வாங்கும்போது ஒருத்தர் சொல்லவில்லை.

நடராஜா சர்வீஸ்:
அதுதான் சங்கதி. எல்-க்கு ஏற்றுங்கள். பிறகு எல்லா வாரையும் தளர்த்திவிட்டு, உள்ளே சாமானோடு மாட்டுங்கள். பெல்ட்டின் நடுப்பகுதி இடுப்பெலும்பின் விளிம்பில் உட்கார வேண்டும், வேட்டி கட்டும் இடத்தைவிடக் கொஞ்சம் கீழே. முதலில் அதை இறுக்குங்கள். அப்புறம்தான் தோள் வார், அதுவும் முதுகோடு ஒட்டும் அளவுக்குத்தான். தோளுக்கு மேலே பையின் உச்சிக்குப் போகும் சின்ன வாரை இழுத்தால் பை பின்னால் சாயாது. நெஞ்சு வார் கடைசி. பாரத்தில் பெரும்பங்கு இடுப்பில் இறங்க வேண்டும். விரல் மரத்ததற்குக் காரணம் தோள் வார் நரம்பை அழுத்தியதாக இருக்கலாம். சரிசெய்த பிறகும் மரத்தால் டாக்டரைப் பாருங்கள்.

இனி வாங்குகிறவர்கள் கடைக்குப் போகும்போது ஐந்து கிலோ பொன்னி அரிசிப் பை இரண்டைக் கொண்டுபோய் உள்ளே போட்டு, கால் மணி நேரம் நடந்து பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

ஐயாறு அக்கா:
பெல்ட் கதை இருக்கட்டும். 11 கிலோவுக்கு அப்படி என்ன எடுத்தாய்?

டபரா செட்:
கூடாரம், கேஸ் அடுப்பு, ஜமக்காளம், ஐந்து செட் துணி, நாலு லிட்டர் தண்ணீர், பித்தளை டபரா செட்.

ஐயாறு அக்கா:
உடம்பு எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சுமக்கலாம் என்பது காட்டிலும் மலையிலும் தங்குகிறவர்கள் கணக்கு. நீ போகும் வழியில் திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை எல்லாம் இருக்கிறது, லாட்ஜும் டீக்கடையும் கிடைக்கும். அடுப்பும் கூடாரமும் யாருக்கு? துணி இரண்டு செட் போதும், படித்துறையில் அலசிக் காயப்போடு. தண்ணீர் ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ பாரம், இரண்டோடு நிறுத்து. 40 லிட்டர் பையே தாராளம். வாங்கிவிட்டாய், சரி, பக்கவாட்டு வாரை இழுத்துக் கட்டு, இல்லாவிட்டால் சாமான் உள்ளே ஆடும். கனமானதை முதுகை ஒட்டி நடுவில் வை.

மழை உறையை மட்டும் நம்பாதே, முதுகுப் பக்கம் வழியாகத் தண்ணீர் இறங்கும். தடிமனான பாலித்தீன் பையை உள்ளே விரித்து, அதற்குள் துணியை வை. தையில் பெருமழை குறைவுதான், ஆனால் விடியற்காலைப் பனியிலேயே பை நனைந்துவிடும்.

டபரா செட்:
எல்-க்கு மாற்றி, 6 கிலோவோடு நேற்று மறுபடி சுவாமிமலை போய்வந்தேன். பெல்ட் அசையவில்லை, விரலும் மரக்கவில்லை. முதுகு மட்டும் தொப்பலாக நனைகிறது, அதற்கு வழி உண்டா?

நடராஜா சர்வீஸ்:
நம் ஊர் புழுக்கத்துக்கு முழுசாக வழி கிடையாது. முதுகுக்கும் பைக்கும் இடைவெளி விடும் வலை வைத்த பைகளில் கொஞ்சம் குறையும். உங்களுடையது ஒட்டும் ரகம். பருத்தி பனியனை விட்டு, சீக்கிரம் உலரும் சட்டை போடுங்கள். ஒரு மணிக்கு ஒருமுறை பையை இறக்கி முதுகு காயட்டும். டபரா இன்னும் உள்ளே இருக்கிறதா?

டபரா செட்:
டபராவை எடுத்துவிட்டேன் அண்ணே. டம்ளர் இருக்கிறது.