படித்துவிட்டு வந்து குடும்பத் தொழிலில் உட்கார்ந்தவர்கள், உங்கள் அனுபவம்?

நிட்டிங்_திருப்பூர்:
எம்.பி.ஏ. ஃபைனான்ஸ். எங்கள் நிட்டிங் யூனிட்டைப் பார்த்துக்கொள்கிறேன், ஜாப் ஒர்க்தான், அடுத்தவர் நூலைத் துணியாக்கிக் கூலி வாங்குவது. சொந்த பிராண்டில் குழந்தைகள் உடுப்பு போடலாம் என்று நண்பன் கூப்பிட்டான். எக்செல்லில் போட்டுப் பார்த்தேன்: நூல் விலை, பாக்கி நிற்கும் நாள், வட்டி. எப்படிப் போட்டாலும் பணத்தை பேங்க்கில் போட்டுவிட்டுச் சும்மா இருப்பதே மேல் என்று வந்தது. அப்பாவிடம் காட்டினேன். அவர் எட்டாவது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் பார்த்தார். "சீசன் தப்பின சரக்கை எங்க போட்டிருக்கே?" என்றார். அதுவும் இருந்தது. சிரித்துவிட்டார். "இதெல்லாம் அன்னைக்கே தெரிஞ்சிருந்தா முதல் மெஷினையே வாங்கியிருக்க மாட்டேன் கண்ணு." 2011-ல் கோர்ட் உத்தரவில் சாயப்பட்டறைகள் மூடி, வேலையே வராமல் கிடந்தபோதும் மெஷினை விற்காத ஆள். பாராட்டினாரா, திட்டினாரா? நண்பனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

கரூர்_தறி:
எனக்கு நேர்மாறு. டெக்ஸ்டைல் டிசைன் படித்ததால்தான் ஃப்ராங்க்ஃபர்ட் ஹெய்ம்டெக்ஸ்டில் வீட்டு ஜவுளிக் கண்காட்சிக்கே சித்தப்பா கூட்டிப்போனார், அதுவும் இங்கிலீஷ் பேச. ஒரு பையர் எங்கள் வாஃபிள் டவலை வெளிச்சத்தில் பிடித்து, இன்னும் கனமாக வருமா என்றார். நூலின் பருமனான கவுண்ட், குறுக்கிழை எண்ணிக்கையான பிக், சுருக்கம் எல்லாம் நான் பேசி முடிக்கும்வரை சித்தப்பா பிஸ்கட் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்கு வந்ததும் தனி கம்பெனி கேட்டேன். "கல்யாணம் ஆகட்டும் பாப்பா." படிக்காவிட்டால் கேட்கவே தோன்றியிருக்காது.

கோவை_பவுண்டரி:
நிட்டிங் தம்பி, படிப்பைக் குறை சொல்லாதீங்க. நான் டிப்ளமோ மெக்கானிக்கல். கோக் கரியில் இரும்பு உருக்கும் கியூபோலாவை எடுத்துவிட்டு, கரண்டில் உருக்கும் இண்டக்‌ஷன் ஃபர்னஸ் போட்டேன், அப்பா ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. அது கிடக்கட்டும். நீங்க குடும்ப யூனிட்டைத் தொடாமல் தனி ஜி.எஸ்.டி. நம்பரில் சின்னதாக ஆரம்பிங்க. அப்பா பெயரில் லோன் வேண்டாம். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவை முதல் நாளே முடிங்க. அதில் டிரேடர் என்று போட்டால் பாக்கி வசூலுக்கு உதவாது, உற்பத்தி என்று போடுங்க. மைக்ரோ, ஸ்மால் யூனிட்டுக்கு 45 நாளுக்குள் பணம் தராத பார்ட்டி, கொடுக்கிற வரைக்கும் அந்தச் செலவை வருமான வரியில் கழிக்க முடியாது. 1961 வருமான வரிச் சட்டத்தில் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 43பி(எச்) பிரிவு அது. அக்ரிமெண்ட் எழுதவில்லை என்றால் 15 நாள்தான் கெடு. இதைப் படித்தவன்தானே கேட்க முடியும்?

நிட்டிங்_திருப்பூர்:
43பி(எச்) தெரியும்ணா. அதைச் சொல்லிப் பாக்கி கேட்டேன், ஒரு பார்ட்டி வேலையை வேறு யூனிட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அந்த நஷ்டமும் எக்செல்லில் இருக்கிறது.