அமெரிக்காவில் அவுன்ஸ்: எடையா, கொள்ளளவா?

புதுசா அமெரிக்கா வந்தவங்களுக்கு மைல், ஃபாரன்ஹீட் எல்லாம் சீக்கிரம் பழகிடும். படுத்தி எடுக்கிறது அவுன்ஸ்தான். பாக்கெட்ல ‘ஓ இசட்’னு போட்டிருப்பாங்க. அந்த இசட் எங்கேருந்து வந்துச்சுன்னு மண்டையைக் குடையாதீங்க, பழைய இத்தாலியச் சொல்லோட சுருக்கம் அது.

ஒரே பேர்ல ரெண்டு அளவு இருக்கு, அதுதான் சிக்கலே. வெறும் அவுன்ஸ்னா எடை, சுமார் 28 கிராம். 16 சேர்ந்தா ஒரு பவுண்டு. முன்னாடி ‘எஃப்எல்’னு இருந்தா ஃப்ளூயிட் அவுன்ஸ், அதாவது கொள்ளளவு, சுமார் 30 மில்லி. தண்ணியில ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா வர்றதால வித்தியாசம் தெரியாது. 8 ஃப்ளூயிட் அவுன்ஸ் கப் நிறையத் தேன் ஊத்தி நிறுத்துப் பாருங்க, 12 அவுன்ஸ் பக்கம் காட்டும்.

கடையில தேன், தயிர் எல்லாம் எடைக் கணக்கு. எண்ணெய், ஐஸ்கிரீம் கொள்ளளவுக் கணக்கு. ஐஸ்கிரீம்ல பாதி காத்துன்னாலும் டப்பா அளவு என்னவோ அதேதான், அதனால தூக்கிப் பார்த்து, கனமா இருக்கிறதை வாங்குங்க. அலமாரிச் சீட்டுல ஒரு பிராண்டுக்கு அவுன்ஸ் விலையும் பக்கத்துல இருக்கிறதுக்குப் பவுண்டு விலையும் போட்டிருந்தா, அவுன்ஸ் விலையை 16ஆல பெருக்கிட்டு முடிவு பண்ணுங்க. பெரும்பாலும் பாக்கெட்லயே கிராமோ மில்லியோ இருக்கும், அதைப் பார்க்கிறது இன்னும் சுலபம்.

பேச்சுல ‘ஃப்ளூயிட்’டை யாரும் சொல்ல மாட்டாங்க. விமானத்துல கைப்பையில கொண்டுபோற திரவத்துக்கு 3.4 அவுன்ஸ்னு சொல்றாங்களே, அது 100 மில்லி.

கைக்குழந்தை இருக்கிறவங்க கொஞ்சம் கவனிங்க. டாக்டர் ‘7 பவுண்டு 8 அவுன்ஸ்’னா 7.8 பவுண்டு இல்ல, ஏழரை. கிலோவில சுமார் 3.4. ‘எத்தனை அவுன்ஸ் குடிக்குது’ன்னு கேட்டா மட்டும் ஃப்ளூயிட் கணக்கு. பவுடர் பால் கலக்கும்போது முதல்ல தண்ணியை அளந்து ஊத்திட்டு அப்புறம் பவுடர் போடுங்க. பவுடரைப் போட்டுட்டுக் கோடு வரைக்கும் தண்ணி ஊத்தினா பால் கெட்டியாயிடும். மருந்துக்கு மட்டும் அவுன்ஸ் பக்கமே போகாதீங்க. மில்லியில எவ்வளவுன்னு ஃபார்மசியில கேட்டு, மருந்தோட தர்ற சிரிஞ்சுலயே அளந்து குடுங்க.

தங்கம் விலை பார்க்கிறவங்களுக்கு ஒண்ணு: செய்தியில வர்ற அவுன்ஸ் மூணாவது ரகம், ட்ராய் அவுன்ஸ், சுமார் 31.1 கிராம். 28ஆல வகுத்தா கிராம் விலை கூடுதலாக் காட்டும்.