மணியோசைக்கு ஓடிவரும் ஆடுகள்: கற்றலைச் சமன்பாட்டில் எழுதுதல்

கேள்வி (அம்பாசமுத்திரம்): மணியடித்த பிறகே ஆடுகளுக்குப் பிண்ணாக்குத் தண்ணீர் வைக்கிறேன். தொடக்கத்தில் விரைவாகப் பழகியவை பின்னர் மெதுவாகவே முன்னேறுவதை உளவியலாளர்கள் ரெஸ்கோர்லா, வாக்னர் ஆகியோரின் 1972ஆம் ஆண்டுக் கற்றல் மாதிரி எவ்வாறு விளக்குகிறது?

பதில் (பாளையங்கோட்டை): எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளியில் ஒரு பங்கு மட்டுமே ஒவ்வொரு முறையும் கற்கப்படுகிறது என்பதுதான் அதன் அடிப்படை. மணிக்கும் தண்ணீருக்கும் இடையிலான பிணைப்பு எட்டக்கூடிய உச்சத்தை 1 என்றும் கற்றல் வீதத்தை, அதாவது அந்தப் பங்கை, 0.3 என்றும் கொண்டால், பிணைப்பின் வலிமை 0.3, 0.51, 0.657 என உயரும். அந்த இடைவெளி, அதாவது வியப்பு, குறையக் குறைய ஏற்றமும் குறையும்.

கேட்டவர்: நன்றி ஐயா. மணியடித்தும் தண்ணீர் வைக்காவிட்டால்?

பதில் (களக்காடு): உச்சத்தைச் சுழியமாக்குங்கள், அதே வீதத்தில் 0.657 என்பது 0.46 ஆகச் சரியும். ஆனால், இவ்வாறு அணைந்த பழக்கம் சில நாள் இடைவெளிக்குப் பின் தானாகவே மீள்வதை இம்மாதிரியால் விளக்க இயலாது. எனக்கு இதன்மேல் உள்ள பெரிய மனக்குறை அதுதான்.